இரண்டு திருகாணியும் ஒரு விருந்தும்

என் வீட்டுக்காரருக்குப் பல் எப்போது போனது என்று யாராவது கேட்டால் எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. ஒரே நாளில் போயிருந்தால் சொல்லலாம். அது பாட்டுக்கு ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாக வலித்து, ஒவ்வொன்றாகப் போனது. ஈறு வீங்கும்போதெல்லாம் டாக்டரைப் பாருங்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். "சீசன் முடியட்டும்மே" என்பார். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறவருக்கு எல்லா வேலையும் சீசன் முடிந்துதான். மழை பிடித்து சீசன் முடிந்தால், "மழை விடட்டும்" என்பார். இப்படியே சொல்லிச் சொல்லி ஐம்பத்து நாலு வயதில் வாய் காலியாகிவிட்டது. மிச்சம் இருந்த நாலைந்தைப் பாண்டியில் ஒரு டாக்டர் பிடுங்கிப் போட்டார்.

நான் தையல்காரி. கடைத்தெருவில் சின்னதாக ஒரு ப்ளவுஸ் கடை வைத்திருக்கிறேன். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியதால் என் பேச்சு குத்தலாகத்தான் வரும் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். சொல்லட்டும். குத்த வேண்டியதைக் குத்தாமல் துணி நிற்காது.

அந்தப் பல்லில் எனக்குப் பிடித்தது ஒன்று இருந்தது, அதை அவரிடம் சொன்னதே இல்லை. பாத்தியில் உப்பு இறங்கியதும் ஒரு கல்லை எடுத்து, சட்டையில் துடைத்து, கடைவாயில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் நாளைக்கே வாரலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். பக்கத்து அளத்துக்காரர்கள் பாத்தித் தண்ணீரில் மீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இவர் கடித்துத்தான் பார்ப்பார். கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் பரிமாற, இலையோரத்தில் வைத்த உப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தத்தில் நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். சோற்றில் கல் கிடந்து பல் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ சந்தோஷமாக நிமிர்ந்து, "நம்ம அளத்து உப்புதான்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் சாப்பாடு தொடங்கும். நான் திட்டாத நாள் கிடையாது. பல்லு போய்டும், பல்லு போய்டும் என்பேன். போய்த்தான் விட்டது. உப்பால் இல்லை, கட்டுக்கு அடங்காத சர்க்கரையால் ஈறு கெட்டுப்போனது என்று டாக்டர் விளக்கினார். நான் இன்னும் பாதிதான் நம்புகிறேன்.

பல் செட்டு கட்டினோம். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தது. கீழ் செட்டுதான் வம்பு. கீழே ஒட்டிக்கொள்ள இடமே இல்லை, நாக்கு வேறு அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பேசினால் எழும்பும், தும்மினால் வெளியே வரும். பசை தடவிப் பார்த்தார். அரை மணி நேரம் பிடிக்கும், அப்புறம் வாயெல்லாம் பசைதான் இருக்கும்.

ஒருநாள் அளத்தில் மோட்டார் போடுகிறவரைப் பார்த்து, "டேய், நிறுத்துடா" என்று வரப்பிலிருந்து கத்தியிருக்கிறார். குரல் அந்தப் பக்கம் போனது, கீழ் செட்டு இந்தப் பக்கம் பாத்தியில் விழுந்தது. உப்பு இறங்குகிற பாத்தி. கலக்கினால் மொத்த உப்பும் சேறாகிவிடும் என்று இறங்கித் தேடாமல் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் உப்பு வாரிய பெண்கள் பலகையில் ஏதோ தட்டுப்படுகிறது என்று எடுத்துப் பார்த்தால், செட்டு முழுக்க உப்புப் பூத்து, ஒவ்வொரு பல்லிலும் கல் வைத்ததுபோல மின்னியிருக்கிறது. "மொதலாளி, உங்க பல்லுக்கு வைரம் வச்சிருக்குது" என்று ஒருத்தி கையில் கொடுத்தாளாம். வரப்பே சிரித்திருக்கிறது. அவரும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அதுதான் அவர் கடைசியாக வெளியாட்கள் முன்னால் சிரித்தது.

அப்புறம் சிரிப்பு வந்தால் துண்டால் வாயை மூடிக்கொள்வார். கல்யாண வீடுகளுக்குப் போனால் மொய் வைத்துவிட்டு, "வயிறு சரியில்ல" என்று திரும்பி வந்துவிடுவார். வீட்டிலும் எங்களோடு உட்காருவதை விட்டார். அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழைந்த சோற்றில் ரசத்தை விட்டு விழுங்குவார். நான் கரண்டியோடு போனால் இலையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொள்வார். போதும் என்று சொல்லக்கூட வாயைத் திறப்பதில்லை. நாலு வருஷம் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். பாண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் கிளியனூர்ப் பையனைப் பிடித்திருக்கிறது என்று நேராக வந்து சொன்னாள். விவசாயக் குடும்பம், நல்ல மனிதர்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அவர்கள் முதலில் வந்து பெண் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை, அது முறைதான். பேச்சு ஒத்துவரும் வரைக்கும் யாரும் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. ஒத்துவந்த பிறகு உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கையெழுத்துப் போடுகிற மாதிரி அது.

போன வருஷம் தை மாதத்தில் நாங்கள் கிளியனூர் போனோம். மாப்பிள்ளை வீடு பார்த்தோம், பேசினோம், எல்லாம் நன்றாக ஒத்துவந்தது. கூடத்தில் இலை போட்டார்கள். கறிக்குழம்பு, வறுவல், முட்டை என்று பையனின் அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறார். "வாங்கண்ணே, கை கழுவிட்டு வாங்க" என்று அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

என் வீட்டுக்காரர் சொம்பை வாங்கவில்லை. வேனில் வந்த குலுக்கலில் கீழ் செட்டு ஈற்றைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. அது எனக்குத் தெரியாது. துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு, "இல்லீங்க, வேணாங்க. நாங்க கெளம்புறோம்" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. பையனின் அப்பா இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போனார். பெண்ணின் அப்பாவே கை நனைக்கவில்லை என்றால் நான் எப்படி நனைப்பது? ஆக்கி வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வேனில் ஏறினோம்.

திண்டிவனம் சாலை வந்து சேரும் வரைக்கும் நான் வாயை மூடவில்லை. என்ன குறை கண்டீர்கள், யார் என்ன சொன்னார்கள், பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டீர்களே என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவர் கீழ் செட்டை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ரத்தம் இருந்தது. "அந்தம்மா முன்னாடி இத எப்படிம்மே கழட்டறது?" என்றார். நான் அப்புறம்தான் பேசுவதை நிறுத்தினேன்.

பத்து நாள் கிளியனூரிலிருந்து பேச்சு மூச்சே இல்லை. பையன் மகளிடம், "எங்க அப்பா ரொம்ப வருத்தப்படுறாரு, வேற எடம் பாக்கலாம்னு சொல்றாரு" என்று சொல்லியிருக்கிறான். மகள் அதைச் சொல்லிவிட்டு அழாமல் நின்றாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கடையில் போய் உட்கார்ந்து ஃபோனை எடுத்துப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு வாயில் ஒரு பல் கிடையாது, கட்டிய செட்டு நிற்கவில்லை, உங்கள் கறியைப் பார்த்து அவர் பயந்துதான் ஓடிவந்தார், உங்களைப் பார்த்து இல்லை என்று சொன்னேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சிரிப்பு. "அய்யே, இதுக்காண்ணி? நாங்க வூடு சின்னதா இருக்குதுன்னு எழுந்து பூட்டீங்கன்னு நெனச்சி பத்து நாளா சோறு எறங்கலயே" என்றார். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னதுதான் எங்களுக்கு ஒரு வருஷத்து வேலையானது. "அவசரமே இல்லண்ணி. அண்ணன் பல்ல நல்லபடியா கட்டிக்கட்டும். அவரு எங்க வூட்ல உக்காந்து கறி சோறு துன்ற அன்னிக்கு, அந்த எலையிலயே தேதி குறிச்சிடலாம்."

நான் ஊரைக் கூட்டி அவமானப்படுத்திவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "பாண்டிக்குப் போலாம், வா" என்றார். அப்போது நல்ல சீசன். சீசன் நடுவில் அவர் தனக்காக அளத்தை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

இந்த முறை வேறு டாக்டர், இளம் பெண். வாயைப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். "கீழ்த் தாடையில ரெண்டு இம்ப்ளாண்ட் வைக்கலாங்க. சின்ன ஸ்க்ரூ மாதிரி இருக்கும். எலும்பு அதைக் கெட்டியா புடிச்சிக்க மூணு நாலு மாசம் ஆகும். அதுக்கப்புறம் அது மேல செட்டை மாட்டிடலாம். ஆடாது. தினமும் நீங்களே கழட்டிக் கழுவிக்கலாம்" என்றார். ஆனால் முதலில் சர்க்கரையை இறக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தாடையில் ஆணி அடிக்கிறார்கள் என்று மட்டும் புரிந்து முகம் வெளுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வைத்து நான்தான் விளக்கினேன்.

"ஏங்க, நான் குழந்தைங்க கவுனுக்குப் பிரஸ் பட்டன் வைக்கிறேன் இல்ல? ஒரு பாதி அடித்துணியில, ஒரு பாதி மேல்துணியில. அமுக்குனா டக்குனு புடிச்சிக்குது. அதே வேலதான். ஒரு பாதி உங்க எலும்புல, இன்னொரு பாதி செட்டுல."

"பட்டன் பிஞ்சிட்டா?"

"நான் வச்ச பட்டன் எப்ப பிஞ்சிருக்குது?"

"நீயா வைக்கப்போற?" என்றார்.

இரண்டு மாதம் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்து முகத்தைச் சுளித்து, பங்குனியில் போய் நின்றோம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றைத் திறந்து, இரண்டு பக்கமும் ஆணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். வெளியே வந்தவரிடம் வலிக்கிறதா என்று கேட்டால், "உன் பேச்ச விட கம்மிதான்" என்று எழுதிக் காட்டினார். அந்தக் காகிதத்தை நான் வைத்திருக்கிறேன். நான் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் டாக்டர் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு வாரம் கீழ் செட்டு போடக் கூடாது. கஞ்சிதான் ஆகாரம். நாளையிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாக வாயை அலச வேண்டும்.

நானும் ஒழுங்காகக் காலையும் மாலையும் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். அவரும் ஒழுங்காக வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவார், கொப்பளிக்கும் சத்தம் கேட்கும், காலி டம்ளர் திரும்பி வரும். ஆனால் நாலாம் நாளே ஈறு சிவந்து, வாயோரமெல்லாம் வெந்தது போல ஆனது. புதுப்புண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் மதியம் கடையிலிருந்து வெயிலில் நடந்து வந்தேன். நா வறண்டு கிடந்தது. துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு பாட்டிலில் தெளிவாகத் தண்ணீர் இருந்தது. அளத்துக்குக் கொண்டுபோய் மிச்சம் கொண்டுவந்திருக்கிறார் என்று மூடியைத் திருகி அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். தொண்டையில் இறங்குவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. உப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அது ஒரு கசப்பு, நாக்கைப் பிடித்து இழுத்தது. துப்பிவிட்டுப் பாட்டிலைப் பார்த்தால் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கடைசிப் பாத்தித் தண்ணீர். உப்பு இறங்கப்போகிற தண்ணீர். அதில் முட்டையைப் போட்டால் மிதக்கும்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தவரிடம் பாட்டிலை நீட்டினேன். "இத்தயா வாயில ஊத்துறீங்க?"

"டாக்டரம்மா உப்புத் தண்ணின்னுதானம்மே சொன்னாங்க."

"நான் குடுத்த டம்ளரு?"

"அது வேப்ப மரத்துக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரை ஸ்பூன் போட்டா அது உப்புத் தண்ணியா? நம்ம போர்ல வர்ற தண்ணியே அத்த விட கரிக்குது. நீ வெறுந்தண்ணி குடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். காலு வெடிச்சா அளத்துத் தண்ணியிலதான ஆறுது? வாயும் அப்படித்தான" என்றார்.

"டாக்டரு சொன்னது உப்புப் போட்ட தண்ணி! இது தண்ணி போட்ட உப்பு!" என்று நான் கத்தியது கடைத்தெரு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். திட்டும்போதே எனக்குத் தெரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நிற்கிறவரிடம் போய் உப்புத் தண்ணீர் என்றால் அவருக்கு எது ஞாபகம் வரும்? அதுவும் அவர் லேசாக அலசவில்லை. சீக்கிரம் ஆற வேண்டும், சீக்கிரம் கிளியனூர் போக வேண்டும் என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடிவயிற்றிலிருந்து கொப்பளித்திருக்கிறார்.

மறுநாளே பாண்டிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "எவ்வளவு உப்பு போட்டீங்க?" என்று கேட்டார். "போடலீங்கம்மா. தண்ணியே அப்படித்தான்" என்றார் இவர். நான் மிச்சத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இடது பக்கம் தையல் விட்டுப்போய் உள்ளே சீழ் பிடித்திருந்தது. மருந்து கொடுத்து மூன்று வாரம் பார்த்தார்கள். வலது பக்கத்து ஆணி அசையவில்லை. இடது பக்கத்து ஆணி தொட்டால் ஆடியது, எடுத்துவிட்டார்கள். சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், இது ஒன்றினால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் பெருந்தன்மையாகச் சொன்னார். புண் ஆற வேண்டும், மறுபடி வைக்க வேண்டும், மறுபடி நாலு மாதம் காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் மார்கழியைத் தாண்டி தையில் போய் நின்றது.

தட்டில் கிடந்த ஆணியைக் காட்டும்படி கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என் கம்மல் திருகாணியை விடக் கொஞ்சம் பெரிது. "இத்தக் கழுவிட்டு மறுபடி வைக்க முடியாதாம்மா?" என்று கேட்டார். டாக்டர் முடியாது என்று தலையாட்டினார். வழியெல்லாம் நான் திட்டவில்லை, திட்டுவதற்கு அந்த முகத்தில் இடமில்லை.

அன்று சாயந்திரம் மகள் வேலையிலிருந்து வந்ததும் அவரே போய் அவள் முன்னால் நின்றார்.

"பாப்பா, ஒண்ணு போச்சு. அப்பாவாலதான் போச்சு. இன்னும் ஒம்போது மாசம் ஆவும்ன்றாங்க. நீங்க ஏன் எனக்காகக் காத்துக் கெடக்கணும்? அம்மாவும் சித்தப்பாவும் போயி கை நனைச்சிட்டு வரட்டும். நான் இல்லாட்டி இன்னா?"

மகள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீங்க சாப்பிடாத வூட்ல நான் எப்படிப்பா சாப்பிடுறது?" என்றாள்.

அவர் துண்டைத் தேடினார். வாயை மூட இல்லை, கண்ணைத் துடைக்க. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும், எப்போதும் அப்படித்தான். "ரெண்டு பேரும் நடு வாசல்ல நிக்காம உள்ள வாங்க, கொசு வருது" என்று கத்திவிட்டுப் பின்பக்கம் போய், அந்தப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். வேப்ப மரத்தில் ஊற்றவில்லை. மரம் என்ன பாவம் செய்தது?

ஆனியில் மறுபடி வைத்தார்கள். இந்தத் தடவை டாக்டர் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: ஒரு டம்ளர் குடிதண்ணீர், அரை ஸ்பூன் சமையல் உப்பு, மெதுவாக அலசவும், உப்பளத் தண்ணீர் கூடவே கூடாது. மரக்காணம் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் இனி இதைத்தான் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் கடையை மதியம் வரை சாத்திவிட்டு, இரண்டு வாரம் அவர் அலசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அந்த வெறுந்தண்ணீரை அவர் பரிதாபமாக வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். "துப்பாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்பேன். சின்ன வயதில் மகளுக்குக்கூட நான் இவ்வளவு பொறுமையாக மருந்து கொடுத்ததில்லை.

கிளியனூரிலிருந்து வாரம் ஒரு ஃபோன் வரும். "எப்படி இருக்கீங்க" என்று அந்த அம்மா கேட்கவே மாட்டார். "பல்லு எப்படி இருக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். பையனின் அப்பாவும் முணுமுணுத்தாராம். இந்த அம்மா அசையவில்லை. சும்மா காத்திருக்கச் சொல்ல எங்களுக்கும் கூச்சமாக இருந்தது. மழைக்கு முன்னால் வாரிய கடைசி உப்பில் என் வீட்டுக்காரர் நல்ல கல்லாகப் பொறுக்கி, ஊறுகாய் போடுவதற்கு என்று ஒரு மூட்டை அனுப்பிவைத்தார். பொறுக்கும்போது ஒரு கல்லை எடுத்தார், சட்டையில் துடைத்தார், வாய் வரை கொண்டுபோய் மறுபடி மூட்டையிலேயே போட்டார். நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் எலும்பு இறுகப் பிடித்திருந்தது. டாக்டர் ஒரு கருவியால் தட்டிக் காட்டினார், கல்லில் தட்டியது போலக் கெட்டியான சத்தம் வந்தது. கார்த்திகைக் கடைசியில் புதுச் செட்டு வந்தது. கீழ் செட்டை வாயில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கச் சொன்னார். அமுக்கினார். டக் என்றது. இன்னொரு பக்கம் அமுக்கினார். டக் என்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் பட்டன்" என்றார். அந்த நாலு வருஷத்தில் அவர் பேசிய முதல் தெளிவான பேச்சு அது. வழக்கம்போல நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

டாக்டர் மறுபடியும் சீட்டு எழுதினார். எலும்பைக் கடிக்கக் கூடாது, முறுக்கு கூடாது, ஐஸ் கட்டி கூடாது, தினமும் கழற்றிக் கழுவ வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நான் அதைத் தையல் மெஷின் மேல் ஒட்டிவைத்தேன். மார்கழி முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. முதலில் இட்லி, அப்புறம் சப்பாத்தி, அப்புறம் மெத்தென்று வேகவைத்த கறி. அடுப்படியை விட்டு வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஆனாலும் பழக்க தோஷம், பாதியிலேயே அந்தக் கை இலைமேல் போய் விரிந்துகொள்ளும்.

தை பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கிளியனூர் போனோம். அதே வேன், அதே கூடம், அதே சொம்பு. பையனின் அம்மா சொம்பை நீட்டினார். என் வீட்டுக்காரர் வாங்கி, கை கழுவி, இலை முன்னால் உட்கார்ந்தார். இரண்டு வீட்டு ஆட்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம், எனக்கே அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. எதிர் வரிசையில் மகளின் கை மடியில் இறுகிக் கிடந்தது.

முறைப்படி முதலில் இலையோரத்தில் உப்பு வைத்தார்கள். பாக்கெட் உப்பு இல்லை, கல்லுப்பு. அவர் அதையே பார்த்தார். சோறு வந்தது, குழம்பு வந்தது, கறி வந்தது. அவர் எதையும் தொடவில்லை. பையனின் அப்பா நெற்றியைச் சுருக்கினார். இவர் இரண்டு விரலால் உப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்தார், கடைவாயில் வைத்தார், கடித்தார்.

நறுக்.

அந்தக் கூடத்தில் கடைசி ஆள் வரைக்கும் அது கேட்டது. அவர் சந்தோஷமாக நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நம்ம அளத்து உப்புதான்" என்றார். துண்டு தோளில் கிடந்தது. வாய் நிறையச் சிரித்தார். பையனின் அம்மா, "அடுத்த மூட்டையும் நீங்கதாண்ணே தரணும்" என்று சொல்லிவிட்டுக் காலண்டர் எடுத்து வரச் சொல்லிக் குரல் கொடுத்தார். மகள் சிரிக்கவில்லை, பயந்துபோய் என்னைப் பார்த்தாள். டாக்டர் சீட்டு அவளுக்கும் மனப்பாடம். இத்தனை பேர் முன்னால் அம்மா இப்போது கத்தப்போகிறாள் என்று நினைத்திருப்பாள்.

கல்யாணமாகி முதல் முறையாக அந்தச் சத்தத்துக்கு நான் திட்டாமல் இருந்தேன். கண்ணிலிருந்து இறங்கியதைத் துடைக்கக் கை வரவில்லை, சோற்றில் இருந்தது.

கறிச் சட்டியோடு பையனின் அம்மா திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் இலைக்கு மேல் கரண்டியை நீட்டினார். நான் அந்தக் கைக்காகக் காத்திருந்தேன். அது இலைக்கு மேல் வரவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.